86 பேரா, 134 பேரா? ஒரு நூற்பாலையின் வேலைநிறுத்தமும் மூடலும்

கொங்குப் பகுதியில் 2013-ல் மூடப்பட்ட ஒரு நூற்பாலை பற்றிய பதிவு இது. ஆலை, சங்கம், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை; அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்போது நான் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பது, கணக்குப் போடுவது, சமரசப் பேச்சுக்குக் கூடப் போவது ஆகிய வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன். நிர்வாகம் தனக்குள் என்ன பேசிக்கொண்டது என்பது எனக்குத் தெரியாது. அதனால் இது ஒரு பக்கத்திலிருந்து பார்த்த கதை.

பின்னணி

எண்பதுகளில் தொடங்கிய ஆலை. சுமார் 12,000 கதிர்கள் (நூல் நூற்கும் ஸ்பிண்டில்கள்), மூன்று ஷிப்ட். நல்ல காலத்தில் 210 நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் புதிதாக யாரையும் எடுக்காமல், 2012-ல் அது 86 ஆகச் சுருங்கியிருந்தது. குறைந்த ஆட்களுக்குப் பதிலாக விடுதிப் பெண்கள் வந்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்து தரகர் மூலம் அழைத்து வரப்பட்ட 17, 18 வயதுப் பெண்கள். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக 40,000 ரூபாய் என்பது பேச்சு. பதிவேட்டில் அவர்கள் ‘பயிற்சி பெறுவோர்’. ஸ்பின்னிங்கிலும் கோன் வைண்டிங்கிலும் முழு ஆள் செய்யும் வேலையைத்தான் செய்தார்கள். இவர்கள் போக ஏழு பதிலிகள், அதாவது நிரந்தர ஆள் வராத நாளில் அந்த இடத்துக்கு வருகிறவர்கள்.

ஆலைக்கு நெருக்கடி இருந்தது உண்மை. 2008 இறுதியில் உயரழுத்த மின் இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. மாலை 6 முதல் 10 வரை உச்சநேரக் கட்டுப்பாடு தனி. டீசல் போட்டு நூற்றால் கட்டுபடியாகாது. 2011 மார்ச்சில் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு 60,000 ரூபாயைத் தாண்டியது. அடுத்த சில மாதங்களில் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது. உச்ச விலையில் பஞ்சு வாங்கியவர்கள் இறங்கிய விலைக்கு நூல் விற்க வேண்டியதாயிற்று. அதே வருடம் ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டதால், அங்கே போகும் நூலும் தேங்கியது. இந்த ஆலை இத்தனை அடியையும் வாங்கியது. ‘நஷ்டம் என்பதெல்லாம் நாடகம்’ என்று வாயில் கூட்டங்களில் பேசினோம். இன்று அப்படிப் பேசமாட்டேன். நஷ்டம் உண்மைதான். அதை யார் தலையில் இறக்குவது என்பதில்தான் தகராறு.

கூலி ஒப்பந்தம் 2011 டிசம்பரோடு முடிந்தது. சங்கம் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தது. ‘கரண்ட் நிலைமை சரியாகட்டும், பேசலாம்’ என்பதே ஒரு வருடத்துக்கு நிர்வாகத்தின் ஒரே பதில். 2012 தீபாவளிக்கு போனஸ், சட்டப்படி குறைந்தபட்சமான 8.33 சதவீதம் மட்டும் வந்தது. கோபம் அங்கேதான் முற்றியது.

கண்ணில் பட்டவை

பிறகு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்டபோது, ஆலை மூடப்படப்போவதற்கான தடயங்கள் ஐந்தாறு மாதம் முன்பே இருந்தது தெரிந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கண்ணில் பட்டிருந்தது. இரண்டு கார்டிங் இயந்திரங்கள் ‘ஓவர்ஹாலுக்கு’ என்று லாரியில் ஏறிப் போனதைப் பார்த்தவர் கார்டிங்காரர். அவை திரும்பி வரவில்லை. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்துக்கு டிராவலர் என்ற சின்ன உதிரிப் பாகம் வாங்குவது நின்று, தேய்ந்ததையே மாற்றி மாற்றிப் போட்டது ஃபிட்டருக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு இருக்கும் பஞ்சுப் பொதி ஒரு வாரத்துக்கு மட்டும் வரத் தொடங்கியதைக் குடோன் ஆள் கவனித்திருந்தார். பின்பக்கக் காம்பவுண்டு ஓரமாக சர்வேயர் வந்து அளந்ததைப் பார்த்தவர் வாட்ச்மேன். அவரையும் அடுத்த மாதம் மாற்றிவிட்டார்கள்.

இதில் பெரியது பி.எஃப். கூலியிலிருந்து 12 சதவீதம் பிடித்தார்கள். நான்கு மாதமாகக் கட்டவில்லை. மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டு விண்ணப்பித்த ஒருவர் இதைக் கண்டுபிடித்துச் சங்கத்தில் சொன்னார். அதைக் கோரிக்கைப் பட்டியலில் பதினோராவது கோரிக்கையாகச் சேர்த்தோம்! பிடித்த பணத்தைக் கட்டாமல் இருப்பது அன்றிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி நம்பிக்கை மோசடி. கையிலிருந்த வலுவான ஆயுதம் அதுதான். கூலி உயர்வுக்குக் கீழே எங்கோ அதை எழுதி வைத்திருந்தோம்.

வேலைநிறுத்த முடிவு

2013 ஜனவரியில் பொதுக்குழு. வேலைநிறுத்தம் வேண்டாம் என்று பேசியவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒரு ரிங் ஃப்ரேம் தொழிலாளி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “பஞ்சே இல்லாத மில்லுல ஸ்ட்ரைக் பண்ணுனா நட்டம் யாருக்குங்க?” அவருக்குச் சிரிப்புதான் பதிலாகக் கிடைத்தது. நானும் சிரித்தவன்தான்.

வேலைநிறுத்தம் என்று முடிவானதற்குக் காரணங்கள் இருந்தன. ஒரு வருடக் காத்திருப்பு பலன் தரவில்லை. பக்கத்து ஆலைகளில் கூலி ஒப்பந்தம் ஆகியிருந்தது. இனியும் சும்மா இருந்தால் உறுப்பினர்கள் வேறு சங்கத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயமும் இருந்தது. இதை யாரும் வெளியே சொல்லவில்லை. அன்றிருந்த தொழில் தகராறுகள் சட்டம் 1947-ன்படி, பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவிக்கப்பட்ட தொழில்களுக்கு மட்டும்தான் 14 நாள் நோட்டீஸ் கட்டாயம். பருத்தி ஜவுளி அப்படி அறிவிக்கப்படக்கூடிய தொழில்களின் பட்டியலில் இருந்ததால், பிறகு சட்டவிரோதம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நோட்டீஸ் கொடுத்தே தொடங்கினோம். இந்த விஷயத்தில் தப்பு செய்யவில்லை.

வேலைநிறுத்தம்: முதல் 25 நாள்

86 பேரும் வெளியே வந்தார்கள். இரண்டாம் நாளே ஆலைக்குள் இயந்திரச் சத்தம் கேட்டது. விடுதிப் பெண்களை வைத்து ஒரு ஷிப்டை ஓட்டினார்கள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வாசலில் நின்ற எங்களுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. சிலர் கேவலமாகவும் பேசினார்கள். அந்தப் பெண்கள் மில் வேனில்தான் வெளியே வர முடியும், செல்போன் கிடையாது, பாதியில் போனால் மொத்தப் பணமும் போய்விடும். இதெல்லாம் தெரிந்தும்தான் பேசினோம். பத்து வருடமாக அவர்களில் ஒருவரைக்கூடச் சங்கத்தில் சேர்க்க நாங்கள் முயலவில்லை. ‘டிரெய்னிங் புள்ளைங்க’ என்று நாங்களும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

19-ம் நாள் இரவு நூல் மூட்டைகளும் சில மோட்டார்களும் ஏற்றிய லாரி வெளியே வந்தது. ஆட்கள் மறித்தார்கள். போலீஸ் வந்தது, ஐந்து பேர் மேல் வழக்கு. மூன்று நாளில் சிவில் நீதிமன்றத் தடை உத்தரவு வந்தது: ஆலை வாசலிலிருந்து 100 மீட்டருக்குள் கூடக் கூடாது. அதன்பின் மறிப்பதை நிறுத்திவிட்டு, ரோட்டின் எதிர்ப்பக்க டீக்கடையில் முறைபோட்டு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தோம். எந்த லாரி, எத்தனை மணி, என்ன சரக்கு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். மறித்த இரவு எங்களுக்கு ஐந்து வழக்குகளைத் தந்தது. அந்த நோட்டு, சமரசப் பேச்சில் மூன்று அமர்வுகளுக்குப் பயன்பட்டது.

மூடல் அறிவிப்பு

26-ம் நாள் காலை நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தது. தொடர் நஷ்டம், மின்வெட்டு, சட்டவிரோத வேலைநிறுத்தம் ஆகிய காரணங்களால் 60 நாள் கழித்து ஆலை நிரந்தரமாக மூடப்படும். வேலை செய்யும் 86 பேருக்கும் சட்டப்படி இழப்பீடு தரப்படும்.

இந்த 86 என்ற எண்ணில்தான் எல்லாம் இருந்தது. அன்றிருந்த சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ, ஆனால் 100 பேருக்குக் கீழே இருந்தால் ஆலையை மூட 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். முந்தைய 12 மாதங்களில் சராசரியாக ஒரு நாளைக்கு 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 25-ஓ பிரிவு வந்துவிடும். 90 நாள் முன்பே அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் மூடினால் அந்த மூடலே செல்லாது. ஆலை ஓடுவதாகவே கருதித் தொழிலாளர்களுக்கு எல்லாப் பலன்களும் தர வேண்டும்.

மூன்று நாள் இதே பேச்சு. பிறகு இரண்டு முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, வேலைநிறுத்தத்தை நிபந்தனையின்றி வாபஸ் வாங்குவது. இது கசந்தது. ‘காலில் விழுவதா’ என்று கேட்டு இரண்டு பேர் சங்க அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். காரணம் சாதாரணமானது. வேலைநிறுத்தத்தில் இருக்கும் வரை கூலி இல்லை, ஆலை வேலை தர முடியாத நாட்களுக்குத் தரும் லே-ஆஃப் இழப்பீடும் இல்லை. மூடலுக்கு வேலைநிறுத்தமே காரணம் என்று நிர்வாகம் எழுதிக்கொண்டே போகலாம். நாங்கள் வேலைக்கு வந்து நின்று, அவர்கள் வேலை தர முடியவில்லை என்றால் பொறுப்பு அந்தப் பக்கம் போய்விடும். 31-ம் நாள் காலை 86 பேரும் ஆளுக்கொரு கடிதத்தோடு வாசலில் நின்றார்கள். பஞ்சு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்க மாலை வரை காத்திருந்தோம், வாங்கினோம். அன்றிலிருந்து அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி லே-ஆஃப் இழப்பீடாக வந்தது. பெரிய பணம் இல்லை. ஆனால் ரேஷன் வாங்க ஆயிற்று.

இரண்டாவது, ஆட்களை எண்ணுவது.

எண்ணிய விதம்

விடுதிப் பெண்கள் தொழிலாளர்களா என்பதுதான் கேள்வி. தொழிற்பழகுநர் சட்டம் 1961-ன் கீழ் முறையாக ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டவர்கள் தொழிலாளர்களாக மாட்டார்கள். ஆனால் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2(எஸ்) பிரிவு, தொழிலாளி என்பதன் விளக்கத்திலேயே பழகுநரையும் சேர்த்துச் சொன்னது. ஆக, பதிவு இல்லாமல் வெறுமனே பயிற்சி பெறுவோர் என்று பெயரிட்டு வேலை வாங்கியிருந்தால் அவர்களும் கணக்கில் வரவேண்டும் என்று வாதிடலாம். பதிவு இருக்கிறதா என்று விசாரித்தோம். ஒருவருக்கும் இல்லை.

அடுத்து, எத்தனை பேர் என்பதற்கு ஆதாரம். நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாளே தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, ஆலை கடைசியாகத் தாக்கல் செய்த வருடாந்திரப் படிவத்தின் நகலைக் கேட்டோம். மனுப் போட்ட 27-ம் நாள் பதில் வந்தது. சராசரி தினசரித் தொழிலாளர்கள் என்ற கட்டத்தில் நிர்வாகமே எழுதியிருந்த எண் 134. முந்தைய வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி தலைகளை எண்ணிவிட்டுப் போனாராம். அதனால் அலுவலகத்தில் உண்மையான எண்ணையே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளர்கள் 86-ம் விடுதிப் பெண்கள் 48-ம் 134.

இது இறுதியான ஆதாரம் ஆகாது. அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தில் ‘தொழிலாளி’ என்பதற்கு இருந்த விளக்கம் வேறு, தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தது வேறு. நிர்வாகத்தின் வக்கீல் இதை உடனே பிடித்துக்கொண்டார், சரியாகவும் பேசினார். நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் எந்தப் பக்கம் தீர்ப்பு வந்திருக்கும் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

சமரசப் பேச்சு

மொத்தம் ஏழு அமர்வுகள். சமரச அதிகாரிக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. அன்றைய முறைப்படி, பேச்சு முறிந்தால் அரசுக்கு அறிக்கை அனுப்புவார், அரசு தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தீர்ப்பாயத்துக்கோ அனுப்பும். நான்காவது அமர்வு வரை நிர்வாகம் வருடத்துக்கு 15 நாள் கூலி என்பதிலிருந்து அசையவில்லை. சட்டம் சொல்லும் குறைந்த அளவு அதுதான். நாங்கள் 45 நாள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

134 என்ற தாளை ஐந்தாவது அமர்வில் வைத்தோம். அறையில் யாரும் அதிர்ந்துபோகவில்லை. சமரச அதிகாரி தாளை இரண்டு முறை படித்துவிட்டு, “இது செல்லுமா செல்லாதா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது தீரும் வரை நிலத்தை வாங்க வருகிறவர் காத்திருப்பாரா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த அமர்வுக்கு முதலாளியே வந்தார்.

ஒத்துக்கொள்வதா, வழக்கா என்று மறுபடி பொதுக்குழு. வழக்கு வேண்டும் என்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது: மூடல் செல்லாது என்று ஆனால் வருடக்கணக்கில் முழுக் கூலி கிடைக்கும். ஆனால் இருந்தவர்களின் சராசரி வயது 48. தீர்ப்பு, மேல்முறையீடு என்று போனால் எத்தனை வருடம் ஆகுமென்று யாருக்கும் தெரியாது. அதற்குள் வங்கி சொத்தை எடுத்துக்கொண்டால் ஜெயித்தும் யாரிடம் வாங்குவது? 61 பேர் ஒப்பந்தத்துக்கு ஆதரவு, 19 பேர் எதிர்ப்பு, 6 பேர் வரவில்லை.

நோட்டீஸ் ஒட்டிய 52-ம் நாள் 12(3) ஒப்பந்தம் கையெழுத்தானது. இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். சமரசத்தில் ஏற்படும் 12(3) எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும் என்பதால் அதில் பிடிவாதமாக இருந்தோம். வருடத்துக்கு 26 நாள் கூலி, கிராஜுவிட்டி தனி, பி.எஃப். பாக்கி முதலில், ஐந்து வழக்குகளும் முடிவுக்கு வர நிர்வாகம் ஒத்துழைக்கும், பயிற்சிப் பெண்களுக்கு வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ற தொகை. இழப்பீட்டில் பாதி உடனே, மீதி ஆறு மாதத்தில். மீதி தரும் வரை ரிங் ஃப்ரேம்களைக் கழற்றக் கூடாது என்ற வரி கடைசி நேரத்தில் சேர்ந்தது. அதைக் கேட்டவர், முதல் பொதுக்குழுவில் நாங்கள் சிரித்தோமே, அவர்.

நாள் கூலி 280 ரூபாய், 22 வருட சர்வீஸ் உள்ளவருக்கு 15 நாள் கணக்கில் 92,400 ரூபாய் வந்திருக்கும். 26 நாள் கணக்கில் 1,60,160 ரூபாய். வேலைநிறுத்தம் நடந்த 30 நாள் கூலி யாருக்கும் கிடைக்கவில்லை.

பிறகு நடந்தவை

முதல் பாதி சொன்ன தேதியில் வந்தது. பி.எஃப். பாக்கியும் கட்டப்பட்டது. இரண்டாம் பாதி வரவில்லை. 33-சி(1) பிரிவில் அரசுக்கு மனுப் போட்டோம். வருவாய் வசூல் போல ஆட்சியர் மூலம் வசூலிக்க வழி உண்டு. அந்தக் கோப்பு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தபோதே நிர்வாகம் பணத்தைக் கட்டிவிட்டது, 11 மாதத் தாமதத்தோடு. பழைய இயந்திரம் வாங்க வந்தவர் ரிங் ஃப்ரேம்களைக் கழற்ற வேண்டியிருந்ததுதான் காரணம்.

பதிலிகள் ஏழு பேரில் இரண்டு பேர், இழப்பீட்டுக்குத் தேவையானபடி 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்ததை இ.எஸ்.ஐ. சந்தா விவரத்தை வைத்து நிரூபித்தார்கள். மற்ற ஐந்து பேரிடம் எந்தத் தாளும் இல்லை. அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இவர்களில் ஒருவர் வேலைநிறுத்தம் முடியும் வரை எங்களோடு டீக்கடையில் நோட்டு எழுதியவர்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பி.எஃப். கட்டவில்லை என்று தெரிந்த வாரமே தனிப் புகாராகப் போயிருக்க வேண்டும். இன்று ஒவ்வொருவரும் போனிலேயே மாதாமாதம் பார்த்துவிடலாம். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். அப்புறம், துறைக்கு ஒருவராக மாதம் ஒருமுறை உட்கார்ந்து, அவரவர் கண்ணில் பட்டதைச் சொல்லியிருந்தால் கார்டிங், டிராவலர், பஞ்சு, சர்வேயர் நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். வேலைநிறுத்தத்தையே தவிர்த்திருப்போமா தெரியாது. கூலி உயர்வுக்குப் பதிலாக மூடல் இழப்பீட்டைப் பேசும் நிலையில் டிசம்பரிலேயே இருந்திருப்போம். அப்போது ஆலையில் கொஞ்சமாவது பஞ்சு இருந்தது.

இதைப் படித்துவிட்டு இன்று யாரும் 134-ஐ நம்பி இறங்க வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மூடலுக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் எண்ணிக்கையை 300 ஆக்கிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் இப்போது எல்லாத் தொழிலகங்களுக்கும் கட்டாயம். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். எங்களைப் போன்ற ஆலையில் இன்று அந்தத் தாளுக்கு வேலை இருக்காது. லாரி நோட்டும், ரிங் ஃப்ரேமைக் கழற்றக் கூடாது என்ற வரியும்தான் மிஞ்சும்.

விடுதிப் பெண்கள் 48 பேரில் 37 பேருக்குத் தொகை போய்ச் சேர்ந்தது. மூடல் நோட்டீஸ் வந்த இரண்டு வாரத்தில் விடுதியைக் காலி செய்து வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் அவர்களுடைய முகவரியைக் கேட்டது 134 என்ற தாள் கைக்கு வந்த பிறகு. ஆலையில் இருந்த முகவரிகள் தரகர் கொடுத்தவை. சிலவற்றில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பதினோரு பேருக்கான தபால்கள் திரும்பி வந்தன.